விரல் விறைப்பது மனபலக் குறைவு அல்ல

‘நல்ல தடிமனான கையுறை ஒன்று போதும். அதற்குப் பிறகும் கை குளிர்கிறது என்பவருக்குக் குளிர் மனதில்தான் இருக்கிறது.’ குளிர்கால பைக் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இதுதான். ஊட்டிக்கே போய்ப் பரிசோதித்ததாகவும் கட்டுரையாளர் எழுதுகிறார். அவரே தரும் விவரப்படி, காலை பத்து மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டி சேர்ந்திருக்கிறார். இதைப் பரிசோதனை என்று எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது? ஜனவரியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பது விடியற்காலையில். முத்தோரை பாலாடா பக்கம் கேரட் அறுவடைக்குப் போகிறவரும், கேனில் பால் கட்டிக்கொண்டு போகிறவரும் வண்டியை எடுப்பது அந்த நேரத்தில்தான். அவர்கள் இந்தக் கட்டுரையை நம்பினால் வளைவில் பிரேக் பிடிக்க விரல் மடங்காது. ஆகவே பூசி மெழுகிப் பதில் சொல்ல நான் தயாராக இல்லை.

கட்டுரையின் அடிப்படையே தவறு. கையுறை வெப்பத்தை உண்டாக்குவதாக நினைத்துக்கொண்டு அவர் எழுதியிருக்கிறார். பேட்டரி வைத்த கையுறையைத் தவிர வேறெந்தக் கையுறையும் ஒரு துளி வெப்பத்தையும் உண்டாக்காது. உடம்பு கொடுக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. எனவே விரல்களுக்கு வெப்பம் வர வேண்டுமானால் ரத்தத்தின் வழியாகத்தான் வர வேண்டும். மார்பும் வயிறும் குளிர ஆரம்பித்ததும், இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கையுறை போட்டிருந்தாலும் அதற்குள் தேக்கி வைக்க வெப்பம் ஏது? பல ஆயிரம் ரூபாய்க்குக் கையுறை வாங்கச் சொல்கிற மனிதர், கழுத்தில் ஒரு மஃப்ளர் சுற்றச் சொல்லவில்லை. ஜாக்கெட் பற்றி ஒரு வரி இல்லை. முன்கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டில் காற்று புகும் இரண்டு விரற்கடை இடைவெளி அவர் கண்ணிலேயே படவில்லை. ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடும் இடம் அது. அங்கே குளிர்ந்த ரத்தம்தான் விரலுக்குப் போகிறது.

அடுத்தது காற்று. ‘ஊட்டியில் ஐந்து டிகிரிதான், இது என்ன குளிர்?’ என்கிறார். நிற்கிற இடத்தில் ஐந்து டிகிரி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் படும் வெறும் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரியைப் போன்றது. வெப்பநிலை பூஜ்யமாக இருந்தால் அதே வேகத்தில் மைனஸ் 9. அமெரிக்காவும் கனடாவும் 2001இல் திருத்தி வெளியிட்ட காற்றுக்குளிர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் யாருக்கும் இந்த எண்கள் கிடைக்கும். அந்தச் சூத்திரம் திறந்த முகத்துக்கானது, கையுறைக்குள் இருக்கும் கைக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனால் தையல் துளைகள் வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் காற்று புகும் கையுறை, உள்ளே எவ்வளவு பஞ்சு இருந்தாலும், பாதி திறந்த கைதான். பஞ்சு தானாகக் கதகதப்பைத் தருவதில்லை. அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் காக்கிறது. அந்தக் காற்று அசைந்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. மலைப்பாதையில் பால்காரர் ஒருவர் கம்பளிக் கையுறைக்கு மேலே சாதாரண பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டுரையாளர் நான்கு பக்கத்தில் புரிந்துகொள்ளாததை அவர் ஒரு பையில் புரிந்து வைத்திருக்கிறார்.

தடிமன் கூடினால் கதகதப்பும் அதே அளவு கூடும் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. விரல் ஒல்லியான உருளை. அதைச் சுற்றித் துணியைக் கூட்டக் கூட்ட வெப்பம் வெளியேறும் புறப்பரப்பும் கூடுகிறது. அதனால் முதல் சில மில்லிமீட்டர் தரும் பலனை அடுத்த சில மில்லிமீட்டர் தருவதில்லை. விரல்களைச் சேர்த்து வைக்கும் கையுறை, தனித்தனி விரல் உள்ள கையுறையைவிடக் கதகதப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டிரண்டு விரலாகச் சேர்த்துத் தைத்த பைக் கையுறைகளும் இருக்கின்றன. கட்டுரையில் அவற்றின் பெயர்கூட இல்லை. மேலும், ஹேண்டில்பாரை இறுகப் பிடித்ததும் உள்ளங்கைப் பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சுக்கு அடியில் ரப்பர் பிடி, அதற்கு அடியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்புக் குழாய். முன்னால் இருந்து காற்றும் உள்ளிருந்து இரும்பும் கையைக் குளிரவைக்கும்போது, புறங்கையில் மட்டும் மொத்தமாக இருக்கும் கையுறை எதைக் காக்கும்?

இந்த லட்சணத்தில், ‘அப்படியும் குளிர்ந்தால் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்’ என்று யோசனை வேறு. கட்டுரையில் மிக ஆபத்தான இரண்டு வரிகளில் இது ஒன்று. உள்ளே மெல்லிய உள்ளுறை போட இடம்விட்டு ஒரு அளவு பெரிதாக வாங்குவது சரி. ஆனால் ஏற்கெனவே அளவாக இருக்கும் தடித்த கையுறைக்குள் இன்னொன்றைத் திணித்தால், விரல் நுனி முட்டி, பக்கவாட்டில் இறுகி, வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் நிற்கும். லீவரின் உணர்வும் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதித்தால் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கல்லட்டி இறக்கத்தில் எட்டு மீட்டர் என்பது ஒரு முழு கொண்டைஊசி வளைவைத் தவறவிடப் போதுமானது.

சான்றிதழைக் காட்டி மிரட்டுகிறார். கையுறையில் இஎன் 13594 என்று அச்சிட்டிருந்தால் குளிருக்குக் கவலை வேண்டாமாம். அது மோட்டார் சைக்கிள் பாதுகாப்புக் கையுறைக்கான ஐரோப்பியத் தரம். சாலையில் உரசினால் எவ்வளவு தாங்கும், தையல் பிரியுமா, விழும்போது கையிலிருந்து கழன்றுவிடுமா என்பவற்றை அது சோதிக்கிறது. விழுந்தால் காக்கும் கையுறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் குளிருக்கான தரம் இஎன் 511 என்ற வேறொன்று. காற்றின் குளிர், தொடும் பொருளின் குளிர், நீர் புகுதல் என்று மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுவது அது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கும் யோசனை சொல்லக் கிளம்பியிருக்கிறார்.

மழையையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: ‘வாட்டர்ப்ரூஃப்’. உள்ளே இருக்கும் சவ்வு தண்ணீரைத் தடுக்கலாம். வெளியே இருக்கும் தோலும் துணியும் நனைந்து, காற்றில் உலர உலர கையின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஈரக் கையை உருவும்போது உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். திரும்ப அதை நுனிவரை தள்ள விறைத்த விரல்களால் முடியாது. மழையில் ஒரு தடவை டீக்கடையில் நிறுத்தியவர்களுக்கு இது தெரியும்.

ஹேண்டில்பாரில் மாட்டும் உறைகளை அவர் கேலி செய்திருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பஞ்சாபிலும் டெல்லியிலும் குளிர்காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் மாட்டுகிறார்கள். சீன நகரங்களில் முழங்காலையும் சேர்த்து மூடும் மெத்தைப் போர்வையையே வண்டியின் முன்னால் கட்டியிருப்பார்கள். தினமும் ஓட்டியாக வேண்டியவர்கள் கண்டுபிடித்த வழி இது. காற்றைக் கைக்கு வரும் முன்பே நிறுத்துவதால், உள்ளே மெல்லிய கையுறை போட்டாலே போதும், லீவரின் உணர்வும் கெடாது. தொளதொள உறை காற்றில் அழுந்தி பிரேக் லீவரைத் தொட்டுவிடக் கூடாது, கை சட்டென்று வெளியே வர வேண்டும் என்ற இரண்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். சூடாகும் பிடிகளை ‘ஆடம்பரம்’ என்கிறார். அவை உள்ளங்கையை மட்டும்தான் சூடாக்கும், சிறிய வண்டிகளின் மின்சாரத்துக்கு அது சுமை என்று சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஹேண்டில்பாரில் காற்றைத் தடுக்கும் கைக்காப்போடு சேர்ந்தால் அவை எந்தத் தடித்த கையுறையையும் விட மேல்.

கடைசியாக அந்த மனபலம். ‘அரை மணி நேரம் பொறுத்தால் வலி நின்றுவிடும், கை பழகிவிடும்’ என்று எழுதியிருக்கிறார். நான் சொன்ன இரண்டாவது ஆபத்தான வரி இது. விரல் தோல் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது விரலின் லாவகம் குறையத் தொடங்குகிறது. 8 டிகிரியை ஒட்டித் தொடு உணர்வே மங்கிவிடுகிறது. வலி நின்றது பழகியதால் அல்ல, மரத்துப்போனதால். குளிரில் சுருங்கிய குழாய்கள் சற்று நேரம் திறந்து மறுபடி சுருங்கும் என்று தாமஸ் லூயிஸ் 1930இல் விளக்கியது உண்மைதான். ஆனால் உடம்பே குளிர்ந்திருப்பவருக்கு அந்த உதவி சரியாகக் கிடைப்பதில்லை. ரேனாட் பாதிப்பு உள்ளவர்களுக்கு விரல்கள் வெளுத்து ரத்தம் நிற்கும். 1862இலேயே மருத்துவ உலகம் பதிவு செய்த விஷயம் இது. ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் கை சீக்கிரம் குளிரும். இவர்களைப் பார்த்துத்தான் மனபலம் இல்லை என்கிறாரா?

விரல் மரத்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையை அக்குளில் வைத்து உணர்வு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த இதழில் கட்டுரையாளர் இரண்டு ஜோடி யோசனையையும், வலி நின்றால் பழகிவிட்டது என்ற வரியையும் தன் பெயரிலேயே திரும்பப் பெற வேண்டும். உறைபனிக் காலம் முடிவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.