பெண் குழந்தைக்கு ஏன் இந்தப் புத்தகம்?

"பிணத்தை அறுக்கிற கதையெல்லாம் பெண் குழந்தை படிக்கலாமா?" நம் சங்க நூலகத்திலிருந்து பேத்தி ஓர் ஆங்கில நாவலை எடுத்து வந்தபோது என் மனைவி கேட்டது இது. பேத்தி பிளஸ் டூ. தடய அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் ஒரே எதிர்ப்பு. சரி, முதலில் நாமே படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

'மிஸ்ட்ரெஸ் ஆஃப் தி ஆர்ட் ஆஃப் டெத்.' டயானா நார்மன் என்ற பெண்மணி, ஏரியானா ஃபிராங்க்ளின் என்னும் புனைபெயரில் எழுதி 2007-இல் வந்தது. கதை நடப்பது 1171-இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். நான்கு குழந்தைகள் கொலையாகிறார்கள். ஊர் விசாரிக்கவேயில்லை, யூதர்கள்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. அவர்கள் உயிருக்குப் பயந்து கோட்டைக்குள் அடைந்து கிடக்க, அவர்களிடமிருந்து வரும் வரி போகிறதே என்று மன்னர் இரண்டாம் ஹென்றிக்குக் கவலை. உண்மையைக் கண்டறிய இத்தாலியின் சலேர்னோவிலிருந்து வருகிறாள் அடீலியா என்ற இளம் மருத்துவர். சலேர்னோவில் அக்காலத்தில் பெண்களும் வைத்தியம் பார்த்தது சரித்திரம். ஆனால் இங்கிலாந்தில் அதைச் சொன்னால் சூனியக்காரி என்பார்கள். அதனால் உடன் வந்த மன்சூர் என்பவர் டாக்டராக நடிக்கிறார். அவள் உதவியாளாக நிற்கிறாள்.

யூதர் மேல் போட்ட பழியும் வெறும் கற்பனையல்ல. 1144-இல் நாரிச் நகரில் வில்லியம் என்ற சிறுவன் இறந்ததை வைத்துக் கிளம்பியது அது. 1290-இல் யூதர்கள் அனைவரையுமே நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிழைக்க வந்த ஊரில் ஏதாவது நடந்தால் முதல் விரல் யார் பக்கம் நீளும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு என் சர்வீஸ் ஞாபகம் வந்தது. ஒரு முறை வண்டி தடம் புரண்டது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை தொடங்குமுன்பே 'கீமேன் லைனைச் சரியாகப் பார்க்கவில்லை' என்று பேச்சு. அவரும் வெளி மாநிலத்துக்காரர். உடைந்த தண்டவாளத்தைத் துடைத்துப் பார்த்தோம். முறிந்த முகமெல்லாம் புதுப் பளபளப்பு. அடிப்பாகத்தில் மட்டும், ஸ்லீப்பரின் மேல் உட்காரும் இடத்தில், துருவேறிக் கறுத்த ஒரு பிறை. பழைய விரிசல். மேலே நடந்து போகிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கீமேன் தப்பினார். குழந்தைகளின் உடலில் ஒட்டியிருந்த சுண்ணத்தூளை அடீலியா கவனிக்கும் பக்கத்தில் எனக்கு அந்தக் கறுத்த பிறைதான் கண்முன் நின்றது.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் அடீலியா நேற்றுக் கல்லூரி முடித்த பெண் போலப் பேசுகிறாள். காதல் பகுதிகளை நான் நிற்காத ஸ்டேஷன்களாகக் கடந்துவிட்டேன். கொடூரமும் அதிகம், சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். பிளஸ் டூ பெண் தாராளமாகப் படிக்கலாம்.

"பிணத்தைத் தொடுகிற பெண்ணை யார் கட்டுவான், மாமா?" என்கிறார் மாப்பிள்ளை. அடீலியாவுக்கு ஓர் ஆணின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் வேலை பார்க்க முடிந்தது. என் பேத்திக்கு மன்சூர் தேவையில்லை. காந்திநகரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. நாவலை மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். எண்பது பக்கம் தாண்டிவிட்டாராம்.