பந்தியும் பரம்பரையும்

முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வங்கள் பல. மொழி, விருந்தோம்பல், பெரியோரைப் பேணல் என்பன அவற்றுள் தலையாயவை. கிறிஸ்தவன் ஆனமையால் இவற்றுள் எதனையும் ஒருவன் இழக்க வேண்டுவதில்லை. ஆயினும், தகப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உவர்நீரையே பருகிக்கொண்டிருத்தல் அறிவுடைமை ஆகாது. ஒரு வழக்கம் எத்துணைப் பழைமையுடையது என்று கேட்பதோடு அமையாது, அஃது எவரை வாழ்விக்கின்றது, எவரைத் தாழ்த்துகின்றது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும் துணிவைக் கிறிஸ்து மார்க்கம் நமக்கு அளிக்கின்றது. ஆனால் அத்துணிவு ஒருமுறை பெற்று, பெட்டியிற் பூட்டி வைக்கத்தக்க பொருளன்று. நாள்தோறும் புதிதாகப் பெறவேண்டுவது.

இதற்கு அப்போஸ்தலனாகிய பேதுருவே சான்று. யூத குலத்தில் பிறந்த அவர், புறஜாதியாரோடு கலந்துண்பது தகாதென்று இளமை முதல் கற்றவர். யோப்பா பட்டணத்தில் கண்ட தரிசனம் அவர் கொள்கையை அசைத்தது. செசரியாவிலிருந்த ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு என்பான் வீட்டினுள் அவர் புகுந்தார். கடவுள் பட்சபாதம் இல்லாதவர் என்று அங்கே அறிக்கையிட்டார். எனினும் பின்னர் அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து சிலர் வந்த மாத்திரத்தில், புறஜாதிக் கிறிஸ்தவரோடிருந்த பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுருவின் கொள்கை மாறவில்லை. ஊரார் கண்ணுக்கு அஞ்சியதே குறை. வழக்கத்தின் வலிமை கொள்கையில் அன்று, அச்சத்தில் இருக்கின்றது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாறும் இதுவே. தஞ்சை முதலிய இடங்களில், ஞானஸ்நானம் பெற்றவர் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தனர். இராப்போஜனத்திலும் முந்துவோர், பிந்துவோர் என்னும் முறைமை நின்றது. சாதி உலகியல் வழக்கமேயன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என அதனைக் காக்க நின்றோர் வாதித்தனர். அவர்கள் அறிவிலிகள் அல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும்புலவரும் அவர்களுள் இருந்தார். ஆயினும் ஒன்று கேட்போம். உலகியல் வழக்கமே ஆயின், அது கர்த்தருடைய பந்தியண்டை வரவேண்டிய காரணம் யாது? 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று எழுதியபொழுது, பலர் சபையையே விட்டு விலகினர்.

மதுரையில் அமெரிக்க மிஷனெரிமார் 1847-ஆம் ஆண்டில் தம் ஊழியர்க்கு வைத்த தேர்வு வேதவினாக்களால் ஆனதன்று. சாதி பாராது ஒருங்கிருந்து உண்ணும் அன்பின் விருந்தே தேர்வாயிற்று. பிரசங்கத்தில் வல்லவர் பலர் அவ்விலையின்முன் அமர மாட்டாது ஊழியத்தைத் துறந்தனர். உபதேசம் எளிது, ஒரு பிடி சோறு அரிது!

திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயமோ இரு கிளையாகப் பிரிந்து, பீடத்தண்டையில் கூடுமாறு எழுப்பப்பட்டது. இடையே நின்ற சுவர் சாதியாரைச் சாதியாரினின்று பிரித்தது. 1910-ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் தம் உரிமை என்று ஒரு சாரார் வழக்காடினர். பின்னர்ச் சென்னை ஹைக்கோர்ட்டு அவ்வுரிமை இல்லையெனத் தீர்த்தது. கல்லாலாகிய சுவரைக் கடப்பாரையும், அதனை மீண்டும் எழுப்பும் ஆசையைச் சட்டமும் வென்றன. நெஞ்சிலுள்ள சுவருக்கோ இவ்விரண்டும் போதா.

நண்பர்காள்! இது பழங்கதை என்று எண்ணற்க. ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுவோர், தம் மக்களுக்கு மணம் பேசும் நாளில் முதலிற் கேட்பது யாது? பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பத்தியில், கிறிஸ்தவன் என்னும் பெயரை அடுத்தே சாதிப்பெயரும் அச்சாகி வருவதைக் காணாதார் யார்? ஆலயத்தில் இடித்த சுவரை இல்லத்தில் எழுப்புகின்றோம். குடும்பத்தின் மானம், உறவினர் ஏச்சு, தங்கையின் எதிர்காலம் எனக் காரணங்கள் பல கூறுவோம். இவை பொய்யென்று கூறேன். அந்தியோகியாவில் பேதுருவுக்கும் இவைபோன்ற காரணங்கள் இருந்திருக்கும்.

ஆயின் செய்யத்தக்கது யாது? முன்னோரை இகழ்தல் வேண்டா. தமக்குக் கிடைத்த ஒளியளவில் அவர்கள் நடந்தனர். நமக்குக் கிடைத்த ஒளி மிகுதி. ஆதலின் நம் கணக்கும் மிகுதி. நம் விடுதியில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே கலத்துச் சோற்றை உண்கின்றோம். இதனைக் கல்லூரியின் விதி என்று மாத்திரம் கருதுவோமாயின், விடுமுறைக்கு ஊர் திரும்பும் புகைவண்டியிலேயே அது கழன்று விழும். விசுவாசத்தின் கனி என்று கொள்வோமாயின், நம்முடன் உண்ட தோழன் நம் வீட்டுத் திண்ணையோடு நில்லாது, நம் அன்னையார் கையால் உள்ளே உணவு பெறுவான். நாளை நம் இல்லத்தில் மணப்பேச்சு எழும்பொழுதும், வழக்கமான அக்கேள்வியை நாம் கேளாதிருக்க வல்லவர் ஆவோம். பட்டத்தினும் பெரிதாகிய தேர்வு அதுவே.