என் கோப்பை யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?

தன் மகனுக்கு டெங்கு ரிசல்ட் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் என் கொழுந்தன் ஆஸ்பத்திரியின் ஆப்பைத் திறந்தார். பிளேட்லெட் எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு வரி கிடந்திருக்கிறது. என் பெயர், வயது, ‘சீரம் லித்தியம்’, பக்கத்தில் ‘மனநலப் பிரிவு’. கூகுளில் தட்டினால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். தட்டினார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. விடிவதற்குள் மதுரையில் இருக்கும் நாத்தனாருக்கும்.

எனக்கு பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு. கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது எங்கள் இருவர் பாடு. அதைப் பிடுங்கிக்கொண்டது ஓர் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். அத்தையை முழங்கால் ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது கொழுந்தன் தன் செல் நம்பரைக் கொடுத்திருந்தார். ஒரே முகவரி, ஒரே குடும்பம் என்று கவுன்டரில் எல்லோர் கோப்பையும் அந்த நம்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

டெஸ்ட் எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அதற்காக லித்தியம் சாப்பிடுகிறவர்கள் விட்டுவிட்டு ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அளவு குறைந்தால் மருந்து பிடிக்காது, கூடினால் விஷம். சிறுநீரகத்தையும் தைராய்டையும் வேறு கண்காணிக்க வேண்டும்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. நான் அடுப்படியில் நின்றால் அத்தை வந்து பக்கத்தில் நிற்கிறார். மடியில் இருக்கும் பிள்ளையை, “தூங்க வைக்கணும்க்கா” என்று ஓரகத்தி வாங்கிக்கொண்டு போகிறாள், பட்டப்பகலில். கொஞ்சம் உரக்கச் சிரித்தால் நாலு கண்கள் என் முகத்தில். பால்காரனிடம் கணக்கு கேட்டுச் சண்டை போட்டதற்கு, “மாத்திரை போட்டியாம்மா?” என்றார் மாமா. தப்பான கணக்குக்குக் கோபப்படும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். “நீங்க கன்சென்ட்ல சைன் பண்ணியிருக்கீங்க மேடம்” என்றார்கள். எந்தக் காகிதத்தில்? பதிவு செய்யும் அவசரத்தில் விரலால் காட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்களே, அந்தக் கட்டில் ஏதோ ஒன்றாம். “சிஸ்டம் அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்கு.” யாரய்யா டிசைன் செய்தது? டெங்குவையும் பைபோலாரையும் ஒரே பக்கத்தில் அடுக்கும்போது, என்னைப் போன்ற ஒரே ஓர் ஆளைக் கூப்பிட்டு, ‘இது யார் கண்ணில் பட்டால் உங்களுக்குச் சிக்கல்?’ என்று கேட்கத் தோன்றவில்லையா? அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு வாசலில் பேனர் கட்டத் தெரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, என் நோயும் சிகிச்சையும் ரகசியமாக இருப்பது என் உரிமை என்கிறது. 24-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அந்த உரிமை உண்டு என்கிறது. கவுன்டரில் இதைச் சொன்னேன். “ஐ.டி. டீமுக்கு மெயில் போடுங்க” என்றார்கள்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத புது ஆபத்தும் அல்ல. 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர், மனநல மருத்துவரைப் போலப் பதில் சொல்லும் ‘எலிசா’ என்ற நிரலை எழுதினார். அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் இரண்டு வரி பேசியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். எலிசாவுடன் எல்லோரும் நடத்தும் உரையாடல்களைப் பார்க்க ஏற்பாடு செய்யலாமா என்று வைசன்பாம் கேட்டபோது, ‘அந்தரங்கத்தை வேவு பார்க்கிறாயா?’ என்று சுற்றியிருந்தவர்கள் பொரிந்து தள்ளினார்கள். வெறும் எந்திரம் என்று தெரிந்தும் அந்தப் பெண்மணி கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கதவு கிடைக்கவில்லை.

பின்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. ‘வாஸ்தாமோ’ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் விவரங்கள் களவு போயின. சிகிச்சை அறையில் சொன்னதையெல்லாம் எழுதிவைத்த குறிப்புகளும் அதில் இருந்தன. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் வந்தது: 200 யூரோ மதிப்புள்ள பிட்காயின் கொடு, இல்லாவிட்டால் ஊருக்குச் சொல்வேன் என்று. அங்கே திருடன் வந்தான். இங்கே திருடனே தேவைப்படவில்லை.

கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமில்லாத ஒரு ராத்திரியில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416-ஐ அழைத்துத் தமிழில் பேசித்தான் விடியலைப் பார்த்தேன். அதுவும் தொழில்நுட்பம்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. மனநலப் பிரிவின் கோப்பைத் தனிப் பூட்டில் வையுங்கள். அதன் சாவி நோயாளியின் கையில் மட்டும் இருக்கட்டும். இன்னொருவர் நம்பரில் அதைச் சேர்க்கும் முன் அந்த நோயாளியைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அதுவரை, என் லித்தியம் டெஸ்ட்டை வேறு ஊர் லேபில், வேறு பெயரில் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு நான் மயங்கி விழுந்து, அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், என் ரத்தத்தில் கடைசியாக எவ்வளவு லித்தியம் இருந்தது என்பது அங்கே உள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.