கேமிங் லேப்டாப் வேண்டாம்... இருக்கிற லேப்டாப்பே போதும்!

"நம்ம லேப்டாப்ல கேம் ஓடுமா?" லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி. "கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஒண்ணும் ஓடாது, கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்லு" என்று நண்பர்கள் ஏற்றிவிடுவார்கள். விலையைக் கேட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும். லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. கேமைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

லேப்டாப்பின் ஜாதகம்

விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி, ஜிபியூ விவரங்கள் இருக்கும். ஜிபியூவில் 'இன்டெல் யுஹெச்டி', 'ஐரிஸ்' என்று மட்டும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று அர்த்தம். அப்போது கிராபிக்ஸ் வேலைக்கும் ரேமில் இருந்தே பங்கு போகும். பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்துவிட்டு கேம் ஆடினால் திணறுவது இதனால்தான்.

அடுத்து, கேமின் பக்கத்தில் 'சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்கும் இடம் 150 ஜிபி. ஸ்டார்டியூ வேலி கேட்பது வெறும் 500 எம்பி. 'மினிமம்' அளவுக்கு மட்டும் பொருந்தினால் கேம் ஓடும், ஆனால் இழுத்து இழுத்து ஓடலாம். 'ரெகமண்டட்' அளவுக்குப் பொருந்தினால் நிம்மதி.

கைக்கும் பொருந்த வேண்டும்

பலரும் கவனிக்காத விஷயம் டச்பேட். டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் நகராமல் இருக்க, பல லேப்டாப்களில் கீயை அழுத்தும் நேரத்தில் டச்பேட் வேலை செய்யாது. ஓடிக்கொண்டே சுடும் கேம்கள் இங்கேதான் சொதப்பும். ஒன்று, தனி மவுஸ் வாங்குங்கள். இல்லாவிட்டால், சீட்டாட்டம் போல முறை வைத்து ஆடும் கேம்களைத் தேர்ந்தெடுங்கள்.

நம்பி ஆடலாம்

ஸ்டார்டியூ வேலி (2016): எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய விவசாய கேம். 2 ஜிபி ரேம் போதும். கதாபாத்திரம் தூங்கப் போனால்தான் 'சேவ்' ஆகும். எனவே "சாப்பிட வா" என்று கூப்பிடும்போது ஐந்து நிமிடம் பொறுங்கள் அம்மாக்களே!

ஸ்லே தி ஸ்பயர் (2019): கார்டுகளை வைத்து அரக்கர்களோடு மோதும் கேம். அவசரமே இல்லை, டச்பேடே போதும்.

மினி மெட்ரோ (2015): கோடு இழுத்து ரயில் பாதை போட வேண்டும். கூட்டம் நெருக்கினால் நிறுத்தி வைத்து யோசிக்கலாம். தாத்தா, பாட்டியும் ஆடலாம்.

வெண்பா (2023): 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து, விட்டுப்போனதை நாமே யோசித்து இட்லி அவிக்க வேண்டும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

காசே வேண்டாம் என்றால், சூப்பர்டக்ஸ்கார்ட் ரேஸை கீபோர்டிலேயே ஓட்டலாம். பேட்டில் ஃபார் வெஸ்நாத் படை நடத்தும் கேம். செஸ் பிரியர்களுக்கு விளம்பரமே இல்லாத லிசெஸ் இருக்கிறது, பிரவுசரிலேயே ஆடலாம்.

'கிராக்' ஆபத்து

காசு கொடுத்து வாங்கும் கேமை 'ஃப்ரீ'யாகத் தரும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்" என்று சொன்னாலே உஷாராகிவிடுங்கள். கேமோடு சேர்ந்து வரும் வைரஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடலாம். அப்பாவின் நெட் பேங்கிங்கும் அக்காவின் காலேஜ் ப்ராஜெக்ட்டும் அதே லேப்டாப்பில்தானே இருக்கின்றன?

முறையாக வாங்கினால் பயமும் இல்லை, பணமும் வீணாகாது. ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல் மேஜை மேல் வைத்து, சார்ஜரையும் செருகிக்கொள்ளுங்கள். மெத்தை காற்று வரும் துளைகளை அடைத்துவிடும், சூடு ஏறினால் கேமின் வேகம் குறையும். அப்படி வைத்தும் திணறுகிறதா? யோசிக்காமல் ரீஃபண்ட் கேளுங்கள்.