கிருமிகள் திரட்டும் பிளாஸ்டிக்

மனிதன் தன் சாமர்த்தியத்தின் சிருஷ்டியென்று பெருமை கொள்ளும் பிளாஸ்டிக்குக்கு நிகரான ஒரு பதார்த்தத்தை, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நெடுங்காலமாகத் தம் உடலுக்குள்ளேயே உற்பத்தி செய்து வருகின்றன என்பதை, பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்து விஞ்ஞானி மோரிஸ் லெமுவான் 1926-ஆம் ஆண்டிலேயே கண்டு சொன்னார். பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்த உலகம் அதை லட்சியம் செய்யவில்லை.

சர்க்கரை ஏராளமாகவும், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துக்கள் குறைவாகவும் உள்ளபோது, பெருக வழியற்ற இக்கிருமிகள், நாம் உடலில் கொழுப்பைச் சேர்ப்பது போல, பாலிஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்னும் பொருளை மணிமணியாகத் திரட்டிப் பஞ்சகாலத்துக்கு வைத்துக்கொள்கின்றன. சில இனங்களில் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 80 பங்கு வரை இதுவே நிரம்பிவிடும். பிரித்தெடுத்து உருக்கி வார்த்தால் புட்டியாகிறது. மண்ணில் புதைத்தால் வேறு கிருமிகளுக்கு ஆகாரமாகிறது.

1990-ல் ஜெர்மனியில் ஷாம்பு புட்டியாக இது கடைக்கு வந்தும், விலை அதிகமானதால் வியாபாரம் செழிக்கவில்லை. செலவைக் குறைக்கப் பிரேஸில் தேசத்தார் கைக்கொண்ட யுக்தியே நமக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது: ஸெர்ரானா என்ற ஊரில் சர்க்கரை ஆலையை ஒட்டியே பரிசோதனைச்சாலை அமைத்து, கரும்புச் சர்க்கரையைக் கிருமிகளுக்கு ஊட்டி, சக்கையை எரித்து வேண்டிய சக்தியைப் பெற்றார்கள். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கின் விலையிலோ, அதன் குப்பையை அள்ளும் செலவு பெரும்பாலும் முழுதாகச் சேர்வதில்லை. அச்செலவை உற்பத்தியாளர்மீது சர்க்கார்கள் சுமத்தினால், இரண்டுக்குமுள்ள விலை வித்தியாசம் ஓரளவு குறையும்.