வேகப்பந்துக்கு நமக்கு உடம்பு பத்தாதாம்!

பழைய கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறார்கள்: லார்வுட், லிண்ட்வால், லில்லி, ஹோல்டிங், மார்ஷல். கடைசியில் ஒரு பெருமூச்சு: "நம்மாளுங்க உடம்புக்கு வேகப்பந்து வராதுப்பா, கபில்தேவ் மட்டும் விதிவிலக்கு." தோழர்களே, இந்தப் பெருமூச்சை நாங்கள் ஏற்கவில்லை.

1932இல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே வேகப்பந்து வீச்சாளர் முகமது நிசார் 5 விக்கெட் எடுத்தார். 1934இல் நம் சேப்பாக்கத்தில் அமர்சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் வீழ்த்தினார். பிறகு சுனில் கவாஸ்கரே புதுப் பந்தை வீச வேண்டிய காலமும் வந்தது. இடையில் மக்களின் எலும்பும் தசையுமா மாறிப்போயின? ஆடுகளத்தைத் தயாரித்தவர்களும் ஆளைத் தேர்ந்தெடுத்தவர்களும்தான் அந்த வறட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பந்து வீசுவது உழைப்பு. உழைப்பவரை இந்த ஆட்டம் எப்படி நடத்தியது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஊதியம் வாங்காமல் ஆடியவர் 'ஜென்டில்மேன்', கூலிக்கு ஆடியவர் 'பிளேயர்'. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த லார்வுட் ஒரு பிளேயர். 1932-33 ஆஸ்திரேலியத் தொடரில் உடம்பைக் குறிவைத்து வீசும் திட்டம் ஜென்டில்மேன் கேப்டன் ஜார்டினுடையது. பழி வந்தபோது மன்னிப்புக் கேட்கச் சொன்னது லார்வுட்டை. அவர் மறுத்தார், அதன்பின் இங்கிலாந்துக்கு ஆடவேயில்லை. ஜார்டினோ அடுத்த பருவத்திலேயே கேப்டனாக இந்தியாவுக்கு வந்தார்.

லார்வுட்டையாவது நினைவில் வைத்திருக்கிறார்கள். எடி கில்பர்ட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆஸ்திரேலியப் பழங்குடி வேகப்பந்து வீச்சாளர். 1931 நவம்பரில் பிரிஸ்பேனில் பிராட்மேனை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றினார். தன் வாழ்நாளில் சந்தித்த மிக வேகமான பந்துகள் அவை என்று பிராட்மேனே பின்னாளில் எழுதினார். ஆனால் கில்பர்ட் தன் குடியிருப்பை விட்டு வெளியூர் போகவே அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலிய அணியில் அவருக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. உடம்பில் வேகம் இருந்தது, சட்டம் பூட்டி வைத்தது.

இங்கே எழுதப்பட்ட சட்டம்கூடத் தேவையில்லை. பச்சைமலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், அடிவாரத்தில் துறையூர்ப் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள், எல்லோரும் டென்னிஸ் பந்தில்தான் ஆடுகிறார்கள். மரவள்ளி பிடுங்கிய காட்டில் ஓடிவந்து யார்க்கர் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். ஸ்டிச் பால், வலை, பயிற்சியாளர் எல்லாம் திருச்சியில். காசும் கடைசி பஸ்ஸும்தான் தேர்வுக் குழு.

"நடராஜன் வரவில்லையா?" என்பார்கள். வந்தார். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், வலைப்பயிற்சியில் பந்து போட ஆஸ்திரேலியா போய், 2020-21இல் அதே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவரைக் கொண்டாடுவோம். ஆனால் ஒருவர் சுவரேறிக் குதித்து வந்ததைக் காட்டி, வாசல் திறந்திருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஸ்டிச் பாலும் மேட்டிங் ஆடுகளமும் பயிற்சியாளரும் வேண்டும். மாவட்டத் தேர்வு முகாம் மலைக்கு ஏறி வரட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் முப்பது வருடத்துக்கு முன் யார் வேகமாக வீசினார், எந்த மைதானத்தில் அவரை ஆடவிடவில்லை என்று கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது உடம்பைப் பற்றிப் பெருமூச்சு விட்டால் அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள்.