எந்த மாத்திரையானாலும் ஒன்றுதானா?

ரத்தக்கட்டு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: “இப்பதான் புது மாத்திரை வந்துடுச்சே, அதைப் போட்டுக்கோ. மாசா மாசம் ரத்தம் எடுத்துப் பார்க்கிற தொல்லையே கிடையாது.” சென்னையை அடுத்த வேப்பம்பட்டு என்ன, சென்னை நகரமென்ன, எங்கும் இதே பேச்சுதான். பலருக்கு இது சரியான யோசனையும்கூட. ஆனால் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உள்ளவருக்கு, அதிலும் மூளைக்கோ காலுக்கோ போகும் தமனி அடைத்துக்கொண்டவருக்கு, இதைச் சொல்லக் கூடாது.

1983இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த நோய் இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி உண்டாக்கும் எதிரணுக்கள், ரத்தத்தை உறையவைக்கின்றன. “சிகரெட் இல்லை, கொழுப்பு இல்லை, முப்பது வயதில் பக்கவாதமா?” என்பார்கள். வரும். இளவயதுப் பெண்களுக்கும் வரும். அடுத்தடுத்துக் கரு கலைவதும் இதன் அடையாளமாக இருக்கலாம்.

“ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய நேரமாகிறது என்று போட்டிருக்கிறதே, பிறகெப்படிக் கட்டும்?” கேள்வி நியாயமானதுதான். இந்த நோயின் விசித்திரமே அதுதான். சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் அதே எதிரணுக்கள், உடம்புக்குள் ரத்தக்கட்டை உண்டாக்குகின்றன. சாதாரணத் தொற்றுக்குப் பிறகும் இவை கொஞ்ச நாள் தலைகாட்டும் என்பதால், 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தே உறுதிசெய்வார்கள்.

இனி அந்தப் புது மாத்திரைக்கு வருவோம். மூன்று வகை எதிரணுச் சோதனையும் பாசிட்டிவ் ஆன 120 பேரை வைத்து இத்தாலியில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபான் எடுத்தவர்களில் நான்கு பேருக்குப் பக்கவாதம், மூன்று பேருக்கு மாரடைப்பு. பழைய மாத்திரையான வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த ஏழுமே தமனி அடைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, இந்த நோயாளிகளுக்கு, குறிப்பாக மூன்றும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு, இவ்வகை மாத்திரைகள் வேண்டாம் என்றது.

“வார்ஃபரின் எலி மருந்தாச்சே!” ஆமாம், எலிக்குத்தான் முதலில் வைத்தார்கள், 1954 முதல் மனிதருக்கும் கொடுக்கிறார்கள். விஷமா மருந்தா என்பது அளவைப் பொறுத்தது. அந்த அளவு சரியா என்று சொல்வதுதான் ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனை. அந்த எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். தமனி அடைப்பு வந்தவருக்குச் சில மருத்துவர்கள் இன்னும் கூட்டுவார்கள், அல்லது ஆஸ்பிரின் சேர்ப்பார்கள். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, மறுவாரம் துளியும் இல்லை என்றால்தான் எண் ஆடும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு மட்டும் வார்ஃபரின் ஆகாது; ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள்.

மிஞ்சுவது ஒன்று, அதுதான் கனமானது: ஷிஃப்ட் வேலைக்காரருக்கு மாதாமாதம் ரத்தம் கொடுக்க ஏது நேரம்? இதை லேசாகத் தள்ள முடியாது. அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆனாலும் இதற்காகச் சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச். வரை ஒவ்வொரு முறையும் போக வேண்டியதில்லை. வேப்பம்பட்டிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளித் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐ.என்.ஆர். அபூர்வமான சோதனையும் அல்ல. ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரம்புகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எண் தப்பாக வரும், மறுபடி கை நீட்ட வேண்டியிருக்கும்.